ஆற்றில் இட்டதைக் குளத்தில் தேடலாமா?

"ஆற்றில் போட்டுவிட்டுக் குளத்தில் தேடுகிறான்" என்று நம்மவர் பேச்சுவாக்கில் ஏளனம் செய்வதுண்டு. புத்தி தடுமாறியவனைக் குறிக்கவே இப்பழமொழி இப்போது வழங்குகிறது. ஆனால் இதன் பின்னுள்ள கதையோ புத்தித் தடுமாற்றத்தின் கதையன்று. திருமுதுகுன்றம் என்னும் விருத்தாசலத்தில் இறைவன் அளித்த 12,000 பொன்னைச் சுந்தரமூர்த்தி நாயனார் மணிமுத்தாற்றில் இட்டார். திருவாரூர்க் கமலாலயக் குளத்தில் இறங்கித் தேடினார். பொன் உடனே அகப்படவில்லை. அவர் பாடிய பின்னரே கிடைத்தது என்பது பெரிய புராணம் கூறும் வரலாறு. ஆற்றையும் குளத்தையும் நினைவில் வைத்துக்கொண்ட நாம் பாட்டை மட்டும் மறந்துவிட்டோம். கலையபிமானம் மிகுந்த இத்தமிழ்நாட்டில் ரசிகர்களுடைய இன்றைய நிலையை எண்ணும்போது, நாம் மறந்த அந்தப் பகுதியே நம் முன் வந்து நிற்கிறது.

சென்ற மாசி மகத்தை ஒட்டி விருத்தாசலம் சென்றிருந்தோம். பழமலைநாதர் கோயிலுக்கு எவ்வளவு பெயருண்டோ, பீங்கான் பொம்மைகளுக்கும் விளக்குகளுக்கும் அவ்வளவு பெயருள்ள ஊர் அது. அங்கே சூளைத் தொழில் நடத்தும் அன்பர் ஒருவர் தம் பட்டறையைக் காட்டினார். களிமண்ணைக் குழம்பாகக் கரைத்துச் சுண்ணச் சாந்தினாலாகிய அச்சிலே ஊற்றுகிறார்கள். அச்சு நீரை உறிஞ்சுகிறது; அதன் உட்சுவரை ஒட்டி மண் படிகிறது; மிகுந்த குழம்பை வடித்துவிட்டு அச்சைப் பிரித்தால் பொம்மை நிற்கிறது. உலர்த்திச் சூளையில் இட்டு எடுத்து, மெருகு பூசி மறுபடியும் சுடுகிறார்கள். ஒரே முகமுடைய பொம்மைகள் வரிசை வரிசையாக அடுக்கப்பட்டிருந்தன.

அன்பர் மகாரசிகர். தியாகராஜ பாகவதரின் படங்கள் அவருக்கு மனப்பாடம். கிட்டப்பாவின் இசைத்தட்டுக்களையெல்லாம் தம் கைபேசியிலே சேர்த்து வைத்திருக்கிறார். அமெரிக்கரின் சங்கீத நாடகப் படங்களையும், 'புளூகிராஸ்' என்று அவர்கள் சொல்லும் மலைநாட்டுக் கச்சேரிகளையும் அதே கருவியில் கண்டு களிக்கிறார். ஒரு மணி நேரம் அவர் பேச, நாம் கேட்டுக்கொண்டிருந்தோம். முடிவில், "எல்லாம் சரி, நீங்கள் நேரில் உட்கார்ந்து கேட்ட கச்சேரி எது?" என்று கேட்டோம். அவர் சற்று நேரம் பேசவில்லை. "நேரில் என்றால், ஐயா, பத்து வருஷத்துக்கு மேலிருக்கும்" என்றார். பிறகு அவரே பொம்மை வரிசையைக் காட்டி, "எங்கள் பாட்டனார் சக்கரத்தில் வனைந்தவர். அவர் செய்த இரண்டு சட்டி ஒன்றுபோல இருந்ததில்லை. நான் கேட்பதெல்லாம் இந்த அச்சுப் பொம்மையைப் போலத்தான் ஆகிவிட்டது" என்றார்.

அவர் சொன்னதில் நியாயம் உண்டு. ஆயினும் அச்சைப் பழிப்பது நம் நோக்கமன்று. அச்சு இல்லாவிடில் ஏழை வீட்டுக் கொலுவில் பொம்மை ஏது? சினிமாவும் இசைத்தட்டும் செய்த உபகாரம் அத்தகையது. செங்கோட்டைக் கிட்டப்பா 1933-ஆம் ஆண்டு, தமது 27-ஆம் வயதில் மறைந்தார். நாடக மேடையில் அவர் பாடியதை நேரில் கேட்ட தலைமுறை போய்விட்டது. நமக்கு எஞ்சியிருப்பவை இசைத்தட்டுக்களே. அவருடைய மனைவியார் கொடுமுடி கே. பி. சுந்தராம்பாளின் கண்டத்தையோ 1935-இல் வந்த 'நந்தனா'ரும் 1953-இல் வந்த 'ஔவையா'ரும் நமக்குக் காப்பாற்றித் தந்தன. டிக்கட்டு வாங்கிச் சென்னை சபாவில் அமர வழியில்லாத குடியானவனுக்கும், கோயிலினுள் நுழையத் தடைசெய்யப்பட்டிருந்தவனுக்கும், உயர்ந்த சங்கீதத்தைக் கீற்றுக் கொட்டகையில் கொண்டுவந்து கொடுத்தது பேசும் படமே. 1944-ஆம் ஆண்டு தீபாவளிக்கு வந்த 'ஹரிதாஸ்' சென்னை பிராட்வே கொட்டகையில் மூன்று தீபாவளிகளைக் கண்டதென்றால், அதைச் செய்தது ரசிகனுடைய அன்பன்றி வேறென்ன?

ஆனால் வக்கீல் தொழில் செய்தவர்களுக்கு ஒரு விஷயம் நன்றாகத் தெரியும். சாட்சி கூண்டில் நின்று பேசும்போது அவன் முகத்தையும் குரலையும் நேரிற் கண்ட நீதிபதியின் அபிப்பிராயத்தை, எழுதிய வாக்குமூலத்தை மட்டும் படிக்கும் மேல் கோர்ட்டு எளிதில் தள்ளிவிடாது. வாக்குமூலம் பொய்யன்று, ஆனால் அதில் எழுதப்படாதது ஒன்று உண்டு. இசைத்தட்டும் படமும் வாக்குமூலங்கள். கச்சேரி மேடையோ சாட்சிக் கூண்டு. அங்கே கேட்பவனுடைய முகத்தைப் பார்த்துப் பாடுபவன் பாடுகிறான். ஓர் ஆலாபனை நீள்வதும் குறுகுவதும் பாதி ரசிகன் கையிலே இருக்கிறது. படத்தின் முன்னே நாம் அழுதாலும் உறங்கினாலும் பாட்டு ஒன்றே.

மேடையின் முன் அமர்ந்த கூட்டத்துக்கு எத்தகைய சக்தி இருந்ததென்பதை நமது தேசிய சரித்திரத்திலேயே காணலாம். 1876-ஆம் ஆண்டில் ஆங்கில சர்க்கார் நாடகங்களை அடக்குவதற்கென்றே ஒரு சட்டம் இயற்றினர். ஆயினும் 'வள்ளி திருமணம்' நாடகத்தில் தினைப்புனத்துப் பறவைகளை ஓட்டும் இடம் ஒன்று உண்டல்லவா? அங்கே மதுரகவி பாஸ்கரதாஸ் இயற்றிய கொக்குப் பாட்டை விசுவநாத தாஸ் பாடுவார். வெள்ளைக் கொக்கு எதைக் குறிக்கிறதென்று எவரும் விளக்கவில்லை. கடைசி வரிசையில் தரையில் அமர்ந்திருந்தவனும் அறிந்து ஆரவாரித்தான். பாட்டின் பாதி மேடையிலும், மறுபாதி கூட்டத்தின் நெஞ்சிலும் இருந்தது. தாஸ் பலமுறை சிறை சென்றார். நாவிதர் குலத்திற் பிறந்தவரென்று அவருடன் நடிக்கத் தயங்கிய நடிகர்கள் இருந்தார்கள், ரசிகர்கள் தயங்கவில்லை. 1940-ஆம் ஆண்டின் கடைசி இரவில், சென்னையில் முருகவேடத்துடன் மேடையிலேயே அவர் உயிர் நீத்தார்.

படத்துக்கும் அத்தகைய பெருமை ஒருகால் வாய்த்தது. வக்கீலாயிருந்து டைரக்டரான கே. சுப்பிரமணியம் எடுத்த 'தியாக பூமி' 1939-இல் வெளிவந்தது; மறு ஆண்டு சர்க்கார் அதற்குத் தடை விதித்தனர். தடை வருகிறதென்றறிந்ததும், சென்னை கெயிட்டி கொட்டகையில் கட்டணமின்றி இடைவிடாது அப்படத்தைக் காட்டினார்கள். ஜனங்கள் வெள்ளமெனத் திரண்டார்கள். போலீஸார் தடியடி நடத்தினார்கள். அன்று தடியடி பட்டவர்களும் சினிமா ரசிகர்களே. ரசிகன் என்ற சொல்லுக்கு அக்காலத்தில் அவ்வளவு கௌரவம் இருந்தது.

நிற்க. மேடைக்கும் கூட்டத்துக்கும் உள்ள இந்த உறவு நம் நாட்டுக்கு மட்டும் உரியதென்று எண்ண வேண்டியதில்லை. எம். எஸ். சுப்புலட்சுமி நடித்த 'சகுந்தலை'யையும் (1940) 'மீரா'வையும் (1945) இயக்கியவர் எல்லிஸ் டங்கன் என்னும் அமெரிக்கர். தமிழ் அறியாத அவர் தமிழருக்கு அழியாத படங்களை அளித்துவிட்டு, 1950-இல் தாயகம் திரும்பி, மேற்கு வர்ஜீனியாவிலே வாழ்ந்தார். அந்த மலைநாட்டையும் அதை அடுத்த கென்டக்கியையும் சார்ந்ததே நமது விருத்தாசலத்து அன்பர் விரும்பும் புளூகிராஸ் சங்கீதம். பில் மன்றோ என்பவர் தமது கோஷ்டிக்குத் தம் கென்டக்கி மாகாணத்தின் புல்லை நினைத்து இட்ட பெயரே பின்னர் அச்சங்கீதத்துக்கும் பெயராயிற்று. மன்றோ வாசித்தது மாண்டலின். நமது சபைகளில் ஸ்ரீநிவாஸ் வாசித்துப் புகழெய்திய வாத்தியமும் அதுவே. அங்கே 'பிடில்' என்று நாட்டுப் பாட்டுக்கு வாசிப்பது, பாலுஸ்வாமி தீட்சிதர் முதலியோர் நம் சங்கீதத்துக்கு இசைவித்த அதே வயலின். அவர்களுடைய பாஞ்சோவோ, ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வாத்தியத்திலிருந்து பிறந்தது. ஒருவர் பாட, மற்றவர்கள் முறைவைத்து முன்வந்து தத்தம் திறமையைக் காட்டிப் பின்வாங்குவார்கள். நமது கச்சேரியில் பாடகரும் பிடில்காரரும் மாறி மாறி ஸ்வரம் கோப்பதை அறிந்தவர்களுக்கு இது புதிதன்று.

ஆனால் அங்குள்ள ரசிகனிடம் நாம் கற்க வேண்டியது வேறொன்று. 1965-ஆம் ஆண்டு வர்ஜீனியாவில் பின்காஸில் என்னும் ஊரில் பல நாள் நீடித்த முதல் புளூகிராஸ் விழா நடந்தது. அது முதல் இவ்விழாக்களுக்கு வருகிற ரசிகர்களிற் பலர் வெறுங்கையுடன் வருவதில்லை. வாத்தியத்தையும் கொண்டு வருகிறார்கள். மேடைக் கச்சேரி ஒருபுறம் நடக்க, வண்டிகள் நிறுத்துமிடத்திலே முன்பின் அறியாதவர்கள் வட்டமாகக் கூடி வாசிக்கிறார்கள். எல்லோருக்கும் தெரிந்த மெட்டுக்கள் இருப்பதால் ஒத்திகை வேண்டியதில்லை. 2000-ஆம் ஆண்டில் வந்த ஒரு சினிமா இப்பழைய மலைப்பாட்டுக்களை அமெரிக்கா முழுவதும் பரப்பிற்று. அதன் இசைத்தட்டு 2002-இல் அந்நாட்டின் உயர்ந்த கிராமி பரிசை அடைந்தது. படத்திற் கேட்டவர்கள் அதோடு நிற்கவில்லை. அப்பாட்டுக்களைப் பாடியவர்கள் ஊர் ஊராகச் சென்று பாடியபோது நேரிலும் போய்க் கேட்டார்கள். அங்கே குளம் ஆற்றுக்கு வழிகாட்டியது.

ஒத்திகையின்றிக் கூடிப் பாடும் வித்தை நமக்கு இல்லாததா? சங்கரதாஸ் சுவாமிகளின் நாடகங்களைக் கற்ற நடிகர்கள், ஒரே கம்பெனியைச் சேராதவர்களாயினும், அன்றிரவு மேடையிலே முதன்முறை சந்தித்து விடியும்வரை தர்க்கப் பாட்டுப் பாடி நடிப்பார்கள். 'ஸ்பெஷல் நாடகம்' என்னும் இம்முறை மதுரை, புதுக்கோட்டைச் சீமைகளில் இன்னும் உயிருடன் இருக்கிறது. பழைய தென்னார்க்காட்டுச் சீமையிலோ திரௌபதி அம்மன் திருவிழாக்களில் பாரதக் கூத்து ஆடுகிறார்கள். கிராமத்தார் இரவு முழுவதும் விழித்திருந்து அர்ஜுனன் தபசைக் காண்கிறார்கள். கூத்து முடிகையில் அவர்களும் பாரதத்துள் ஒரு பாத்திரமாகி விடுகிறார்கள். இவற்றுக்கு வரும் கூட்டம் குறைந்தால் குறைவது கூட்டம் மட்டுமன்று. கேட்பாரற்ற பாடகன் தன் மகனுக்குப் பாட்டைக் கற்பிக்கமாட்டான். படம் பெட்டியிலே கிடந்து ஐம்பது வருஷம் கழித்தும் உயிர்பெறும். கற்பிக்கப்படாத கூத்து ஒரு தலைமுறையிலே மாண்டுபோகும்.

அபிமானம் செல்லும் திசையைக் குறித்தும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். அண்ணாதுரை, கருணாநிதி, எம். ஜி. ராமச்சந்திரன், ஜெயலலிதா என்று மேடையிலும் திரையிலும் புகழ்பெற்றவர்கள் பலர் முதலமைச்சர் பதவியை அடைந்த நாடு இது. 2006-ஆம் ஆண்டுத் தேர்தலில் நடிகர் விஜயகாந்தைச் சட்டசபைக்கு அனுப்பிய தொகுதி இதே விருத்தாசலம். அவர் தொடங்கிய கட்சிக்கு அம்முறை கிடைத்த ஒரே இடம் அதுவே. இதனைக் குறைகூற நாம் முன்வரவில்லை. சுந்தராம்பாளும் மேல்சபையில் அமர்ந்தவர்தாம். ஜனங்கள் தாம் விரும்பியவரைத் தேர்ந்தெடுக்க உரிமையுடையவர்கள். ஆனால் ரசிகனுக்கு ஒரு கடமையும், வாக்காளனுக்கு வேறொரு கடமையும் உண்டு. பாட்டைக் கேட்டு, "இந்த இடம் சரியாக அமையவில்லை" என்று சொல்லத் துணிகிறவனே ரசிகன். தலைவர்களிடத்தும் அவ்வாறே சொல்லத் துணிகிறவன் பிரஜை. உயரமான சித்திரப் பலகைக்குப் பாலை ஊற்றிவிட்டுத் திரும்புகிறவன் இவ்விரண்டில் எதுவுமாகமாட்டான். நேருக்கு நேர் அமர்ந்து கேட்டுப் பழகிய செவிக்கே குணதோஷம் தெரியும். ஆதலின் கச்சேரியும் கூத்தும் ஜனநாயகத்துக்கும் ஒரு பள்ளிக்கூடமென்று நாம் கருதுகிறோம்.

தேசத் தொண்டில் ஈடுபட்ட அன்பர்களுக்கு நாம் செய்யும் விண்ணப்பம் பெரிதன்று. பத்துப் படம் பார்ப்பவர் ஒரு கூத்தையோ, நாடகத்தையோ, கச்சேரியையோ நேரில் சென்று காண்பாராக. விழா நடத்தும் பஞ்சாயத்தார் விளக்கு அலங்காரத்துக்குச் செலவிடுவதில் ஒரு பங்கைக் கூத்தாடிகளுக்கும் நாகசுரக்காரர்களுக்கும் ஒதுக்குவார்களாக; பேசிய கூலியைப் பொழுது விடிந்ததும் தவறாமல் கையிலே கொடுப்பார்களாக. குழந்தைகளை உடன் அழைத்துச் செல்லுங்கள். அவர்கள் உறங்கிப் போனாலும் பாதகமில்லை. மத்தளச் சத்தத்தினூடே உறங்கிய குழந்தை அதனை மறப்பதில்லை. குரலுள்ளவர்கள் வெட்கத்தை விட்டுத் தெருப் பஜனையிலாவது சேர்ந்து பாடட்டும்.

விருத்தாசலத்து அன்பர் விடைபெறும்போது, அவ்வாரமே அருகிலுள்ள கிராமத்தில் கூத்து நடப்பதாகவும், தம் பையனையும் அழைத்துக்கொண்டு போகப்போவதாகவும் சொன்னார். போனாரா என்று இதுவரை நாம் விசாரிக்கவில்லை, போயிருப்பாரென்றே நம்புகிறோம்.

ஆற்றில் இட்ட பொன்னைச் சுந்தரர் குளத்தில் தேடினார். தேடிய இடத்தில் அவர் பாடினார், பொன் கிடைத்தது. நாமும் திரையிலும் கருவியிலும் நமது செல்வத்தைத் தாராளமாகத் தேடுவோம். ஆனால் வாயை மூடிக்கொண்டு தேடினால் கையில் அகப்படுவது சேறாகவே இருக்கும். இதனை ரசிகர்கள் யோசிப்பார்களாக.