மருத்துவச் செலவும் தொழில்துறை ஆய்வுகளும்

நோயுற்றவர் மருத்துவரை நாடுவது போல, மருத்துவச் செலவு ஏறும் காலத்தில் ஆட்சியாளர் ஆய்வறிக்கைகளை நாடுகின்றனர். செலவு ஏன் ஏறுகிறது, இனி எவ்வளவு ஏறும் என்னும் வினாக்களுக்கு விடை கூறும் அறிக்கைகளுள் பல, அத்துறையில் வாணிகம் செய்வோரே பொருள் கொடுத்து எழுதச் செய்பவை. அவற்றை அப்படியே ஏற்பதா, முற்றிலும் தள்ளுவதா? மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கினை மருத்துவத்திற்கே செலவிடும் அமெரிக்க ஐக்கிய நாட்டிலிருந்து இரண்டு சான்றுகளைக் கொண்டு இதனை ஆராய்வோம்.

காப்பீட்டாரின் கணக்கு

2009ஆம் ஆண்டில், காப்பீடு அற்றோர்க்கும் காப்பீடு கிடைக்கச் செய்யும் சட்டமுன்வரைவு அந்நாட்டுச் செனட் சபையின் நிதிக்குழு முன் இருந்தது. அக்டோபர் 13ஆம் நாள் வாக்கெடுப்பு. அதற்கு ஓரிரு நாள் முன்னர், காப்பீட்டு நிறுவனங்களின் கூட்டமைப்பு ஓர் அறிக்கையை வெளியிட்டது. அதனைத் தயாரித்தது பிரைஸ்வாட்டர்ஹவுஸ்கூப்பர்ஸ் என்னும் பெயர்பெற்ற கணக்காய்வு நிறுவனம்.

ஒரு குடும்பத்தின் ஆண்டுக் காப்பீட்டுக் கட்டணம் அப்போது சராசரியாக 12,300 டாலர். பழைய நிலையே நீடித்தால் 2019இல் அது 21,900 டாலர் ஆகும். புதிய சட்டம் வந்தால் 25,900 டாலர் ஆகும் என்று அறிக்கை கூறியது. ஆண்டுக்கு 4,000 டாலர் கூடுதல் என்னும் செய்தி எந்தக் குடும்பத் தலைவரையும் கலங்கச் செய்யும் அன்றோ?

விடுபட்டவை

ஆயினும் அவ்வறிக்கை சட்டத்தின் எல்லாக் கூறுகளையும் எடைபோடவில்லை. கட்டணத்தை உயர்த்தக்கூடிய நான்கு கூறுகளை மட்டுமே அது கணக்கிற் கொண்டது. குறைந்த வருவாயுடையோர்க்கு அரசு தரவிருந்த மானியத்தைக் கணக்கிடவில்லை. ஆய்வை நடத்திய நிறுவனமே பின்னர் இதனை வெளிப்படையாகத் தெரிவித்தது. கூட்டல் மட்டும் செய்து கழித்தலை விட்ட கணக்கு அது.

அதே ஆண்டு நவம்பர் 30இல், எக்கட்சியையும் சாராத காங்கிரஸ் வரவு செலவுத் திட்ட அலுவலகம், செனட் சபையின் முன்வரைவு பற்றித் தன் மதிப்பீட்டை வெளியிட்டது. தனியாகக் காப்பீடு வாங்குவோரின் சராசரிக் கட்டணம் 10 முதல் 13 விழுக்காடு உயரும். ஆனால் அவர்களுள் பாதிக்கு மேற்பட்டோர்க்கு மானியம் கிடைக்கும். மானியம் பெறுவோர் செலுத்தும் தொகை பாதிக்கும் கீழாகக் குறையும். பெரிய நிறுவனங்களின் ஊழியர்க்கு மாற்றம் மிகச் சிறிதே என்பது அதன் முடிவு. இரு கணக்கிற்கும் உள்ள வேறுபாடு, எதனைச் சேர்த்தனர், எதனை விட்டனர் என்பதில்தான் பெரிதும் அடங்கியுள்ளது.

நடந்தது என்ன?

சட்டம் 2010 மார்ச்சு 23இல் கையொப்பமானது. கைசர் குடும்ப அறக்கட்டளையின் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, பணியிடம் வாயிலாகப் பெறும் குடும்பக் காப்பீட்டின் சராசரிக் கட்டணம் 2019இல் 20,576 டாலர். சட்டம் வராவிடின் வரும் என்று அறிக்கை சொன்ன தொகையினும் இது குறைவு! இரண்டும் முற்றிலும் ஒரே அளவைகள் அல்ல என்பதையும், அறிக்கை கணக்கிட்ட வரிகளுள் ஒன்று நடைமுறைக்கே வராமல் நீக்கப்பட்டது என்பதையும் நேர்மை கருதிச் சொல்லவேண்டும்.

எனினும், அறிக்கை முழுதும் பொய் என்பதும் பொருந்தாது. காப்பீடு பெறாதோர்க்குரிய தண்டம் சிறிதாயின், நலமுடையோர் விலகி நிற்பர், நோயுற்றோரே மிகுதியாகச் சேர்வர், கட்டணம் ஏறும் என்று அது எச்சரித்திருந்தது. மைய அரசின் இணையச் சந்தையைப் பயன்படுத்திய மாநிலங்களில், தனியாக வாங்கும் காப்பீட்டின் சராசரிக் கட்டணம் 2013க்கும் 2017க்கும் இடையே இருமடங்கிற்குச் சற்று மேல் உயர்ந்தது. நோயுற்றோரையும் மறுக்காமல் சேர்த்ததும், பயன்கள் விரிந்ததும் இதற்குக் காரணங்களாயின. தொழிலின் உள்ளிருப்போர்க்கே தெரியும் நுட்பம் அவ்வெச்சரிக்கையில் இருந்தது.

மருந்தின் அடக்கவிலை

இரண்டாவது சான்று மருந்துத் துறையைச் சார்ந்தது. புதிய மருந்தொன்றை உருவாக்க எவ்வளவு செலவாகும் என்பதை டஃப்ட்ஸ் பல்கலைக்கழக ஆய்வு மையம் கணித்து வந்துள்ளது. மருந்து நிறுவனங்களின் நிதியுதவியும் பெறும் மையம் இது. 2003இல் 80.2 கோடி டாலர் என்றும், 2014இல் ஏறத்தாழ 256 கோடி டாலர் என்றும் அது அறிவித்தது. மருந்துகளின் உயர்விலைக்கு நியாயம் கூறுவோர் இத்தொகைகளையே எடுத்துக்காட்டுவர்.

இரண்டாம் தொகையைப் பகுத்துப் பார்த்தால், கையிலிருந்து செலவானது சுமார் 140 கோடி டாலரே. எஞ்சியது, அம்முதலை வேறிடத்தில் இட்டிருந்தால் ஈட்டியிருக்கக்கூடிய ஆதாயத்தின் மதிப்பு. தோல்வியுற்ற மருந்துகளின் செலவும் கணக்கில் உண்டு. இம்முறை பொருளியலுக்கு ஒவ்வாததன்று. ஆனால் அடிப்படைத் தரவுகளை நிறுவனங்கள் கமுக்கமாகத் தந்தமையால் பிறர் அவற்றைச் சரிபார்க்க இயலவில்லை. நிறுவனங்கள் வெளியிட்ட நிதியறிக்கைகளைக் கொண்டு 63 மருந்துகளை ஆராய்ந்த மற்றோர் ஆய்வு, தோல்விகளையும் முதலின் மதிப்பையும் சேர்த்தே, இடைநிலை மதிப்பு 98.5 கோடி டாலர் என 2020இல் கண்டது.

பயன்கொள்ளும் முறை

இவற்றால் நாம் பெறும் தெளிவு யாது? தொழில்துறை ஆய்வு, வழக்கில் ஒரு தரப்புச் சாட்சியைப் போன்றது. சாட்சியின்றி வழக்கு இல்லை. ஒரு தரப்புச் சாட்சியே தீர்ப்பும் ஆகாது. ஆகவே எந்த அறிக்கையைக் கண்டாலும் நான்கு வினாக்களை எழுப்புதல் வேண்டும். பொருள் தந்தவர் யார்? எதனைக் கணக்கில் விட்டனர்? தரவுகளைப் பிறர் சரிபார்க்க இயலுமா? முன்னர்க் கூறியது பின்னர் நிகழ்ந்ததா?

அறிக்கையின் முதற்பக்கத்தில் பெரிய எழுத்தில் நிற்கும் தொகையை எவரும் படிப்பர். உள்ளே சிறிய எழுத்தில் நிற்கும் வரையறைகளையும் படிப்பவரே கற்றவர். நோயாளி ஒருவரின் மருந்துச் செலவும், ஒரு குடும்பத்தின் காப்பீடும் அவ்வரிகளைப் பொறுத்து அமையுமாதலின், பயிலும் மாணவர்க்கு இப்பழக்கம் இன்றியமையாதது.