பத்திரத்தில் பால் மாறினால் பழைய வாழ்க்கை என்னாகும்?

வருமானவரிப் படிவம் நிரப்ப வருகிறவர்கள் சில வேளைகளில் வரியோடு சம்பந்தமில்லாத கேள்விகளையும் கொண்டுவருவார்கள். எபினேயில் ஒருவர், இரண்டு பிள்ளைகளின் தகப்பன், கேட்டார்: "பத்திரத்தில பெண் எண்டு மாத்தினா, என்ர பிள்ளையளுக்கு நான் ஆர் அண்ணை?"

மாற்றுவதென்று அவர் முடிவெடுக்கவில்லை. தான் ஆணா பெண்ணா என்ற கேள்வி இளவயதிலிருந்தே உள்ளே இருக்கிறதாம். ஆனால் ஊர், கல்யாணம், பிள்ளைகள், இங்கே வந்து சேர்ந்த பாதை, இவற்றில் எதையும் பொய்யென்று தள்ள அவருக்கு மனமில்லை.

பிரெஞ்சுக் குடியியல் சட்டக்கோவையின் 61-8ஆம் பிரிவு இதற்கு நேரடியாகவே பதில் சொல்கிறது. பால் பதிவை மாற்றுவது, அதற்கு முன் ஏற்பட்ட பெற்றோர்–பிள்ளை உறவைப் பாதிக்காது. மற்றவர்களோடு செய்துகொண்ட கடப்பாடுகளையும் பாதிக்காது. கடனும் நிற்கும், பிள்ளையும் நிற்கும். பிறப்புப் பதிவிலும் பழைய வரியை யாரும் அழிப்பதில்லை. ஓரத்தில் புதுக் குறிப்பு எழுதுவார்கள். கணக்குப் புத்தகமும் அப்படித்தான்: பழைய பதிவைச் சுரண்டுவது குற்றம், புதிதாக எழுதுவதே முறை. மனைவியின், பிள்ளைகளின் பதிவுகளில் இவருடைய புதுப் பெயரைக் குறிக்க அவர்களின் சம்மதம் வேண்டும்.

இந்த ஒழுங்கு 2016 நவம்பர் 18ஆம் திகதிச் சட்டத்தால் வந்தது. அதற்கு முன் மருத்துவ மாற்றத்துக்கு நீதிமன்றங்கள் அத்தாட்சி கேட்டன. இன்று சத்திரசிகிச்சையோ வேறு சிகிச்சையோ செய்யவில்லை என்பதற்காக விண்ணப்பத்தை மறுக்க முடியாது. அந்தப் பாலினராகவே வெளியில் வாழ்வதையும், குடும்பத்தவரும் நண்பர்களும் வேலையிடத்தாரும் அப்படியே அறிந்திருப்பதையும் காட்டினால் போதும். சட்டத்தரணி கட்டாயமில்லை.

இன்னும் யோசித்துக்கொண்டிருப்பவர் நீதிமன்றம் போகத் தேவையில்லை. முதற்பெயரை மட்டும் நகரசபையில் இலவசமாக மாற்றலாம். அதையும் செய்யாமல் இருக்கலாம். எந்தச் சட்டமும் அவசரப்படுத்தவில்லை. அவசரப்படுத்துவது லாச்சப்பல் கடைவாசல் கதைகள்தான். "வருத்தம்" என்று சொல்பவர்களுக்கு ஒன்று: பிரான்ஸ் 2010இலேயே இதை நீண்டகால மனநோய்ப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது.

அகதி அந்தஸ்துள்ளவர்களின் பிறப்புப் பதிவு ஒவ்ப்ராவிடம் இருக்கும். குடியுரிமை எடுத்தவர்களுடையது நான்ந் நகரிலுள்ள மத்திய பதிவகத்தில். ஒரே பெயரை மூன்று விதமாக எழுதிய பத்திரங்களோடு வந்தவர்கள் நாங்கள், ஆகவே முதலில் எழுத்துப் பிழைகளைத் திருத்திக்கொள்வது நல்லது.

பழையதை வைத்துக்கொண்டே புதிதாக வாழ முடியுமா என்ற கேள்வி எங்கள் மொழிக்கும் புதிதல்ல. லிவிங் ஸ்மைல் வித்யா தன் வாழ்க்கைக் கதைக்கு வைத்த தலைப்பு 'நான், சரவணன் வித்யா'. இரண்டு பெயரும் அட்டையிலேயே இருந்தன. எல்லாருக்கும் அது ஒத்துவராது. பழைய பெயரைக் கேட்கவே விரும்பாதவர்களும் உண்டு, அது அவர்களின் உரிமை.

கடைசியாக, என் தொழிலோடு பட்ட விசயம். இங்கே சமூகக் காப்புறுதி இலக்கம் ஆண்களுக்கு 1இல் தொடங்கும், பெண்களுக்கு 2இல். பால் பதிவு மாறினால் இலக்கமும் மாறும். பழைய இலக்கத்தில் உழைத்த காலம் ஓய்வூதியக் கணக்கில் தொடரவேண்டும். அதனால் தீர்ப்பின் பிரதியையும் பழைய சம்பளச்சிட்டைகளையும் ஒரே கோப்பில் வையுங்கள். ஒன்றையும் எறிய வேண்டாம்.