அகதியாய் வந்த தளபதி

பிறந்த நாட்டிடம் பக்தி கொள்வது மனித இயற்கை. புகுந்த நாட்டிடம் அதே பக்தியைக் கொள்வது அவ்வளவு சுலபமன்று. கொண்ட பக்தியைப் பிறர் நம்பும்படி செய்வது அதனினும் கடினம். புகுந்த வீட்டு மருமகளைப் போலவே, குடியேறி வந்தவனும் தன் விசுவாசத்தை நாள்தோறும் நிரூபித்துக்கொண்டிருக்க வேண்டியவனாகிறான். இச்சோதனைக்கு ஆளாகி, அதில் மனம் கசந்து போகாமல் வெளிவந்தவர் ஒருவரின் சரித்திரத்தை நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம். அவர் ஜெர்மனியில் பிறந்து, அமெரிக்கச் சேனையில் ஜெனரலாக விளங்கிய கார்ல் ஷுர்ட்ஸ்.

1829-ம் வருஷம் மார்ச் மாதம் 2-ந் தேதி, கொலோன் நகருக்கு அருகே லிப்லார் என்னும் சிற்றூரில் ஓர் உபாத்தியாயரின் புதல்வராக அவர் பிறந்தார். அக்காலத்தில் ஜெர்மனி ஒரே தேசமாக இல்லை. பல மன்னர்களின் கீழ்ப் பல ராஜ்யங்களாகச் சிதறிக் கிடந்தது. தேசம் ஒன்றாக வேண்டும், ஜனங்களுக்கு உரிமை வேண்டும் என்னும் கிளர்ச்சி 1848-ல் எங்கும் மூண்டது. பான் சர்வகலாசாலையில் வாசித்துக்கொண்டிருந்த ஷுர்ட்ஸ், தம் ஆசிரியர் கிங்கெல் என்பவருடன் அக்கிளர்ச்சியில் குதித்தார். மறு வருஷம் ராஸ்டாட் கோட்டையைக் காத்து நின்ற புரட்சிப் படையில் அவரும் ஒருவர். பிரஷ்யச் சேனை கோட்டையை முற்றுகையிட்டது. ஜூலை மாதத்தில் கோட்டை சரணடைந்தது. பிரஷ்யப் பிரஜையாகிய அவர் சொந்த மன்னருக்கு எதிராக ஆயுதம் எடுத்தவர். ஆகவே பிடிபட்டால் துப்பாக்கிக் குண்டுதான் தண்டனை. இருபது வயது வாலிபரான அவர், இரண்டு தோழர்களுடன் கோட்டையின் சாக்கடைக்குள் தவழ்ந்து வெளியேறி, ரைன் நதியைக் கடந்து தப்பினார்.

தப்பியவர் சும்மா இருந்தாரா? இல்லை. ஆசிரியர் கிங்கெல் ஆயுள் தண்டனை பெற்று ஸ்பாண்டாவ் சிறையில் வாடிக்கொண்டிருந்தார். 1850-ல் ஷுர்ட்ஸ் ரகசியமாகத் தாய்நாட்டுக்குத் திரும்பி, சிறைக் காவலன் ஒருவனை வசப்படுத்தினார். நவம்பர் மாதத்து இரவொன்றில் கிங்கெல் கயிற்றைப் பற்றிக்கொண்டு சிறைக் கட்டடத்தின் உச்சியிலிருந்து கீழே இறங்கினார். குருவும் சீடரும் கப்பலேறி ஸ்காத்லாந்து போய்ச் சேர்ந்தார்கள்.

1852-ல் ஷுர்ட்ஸ் தம் இளம் மனைவி மார்கரெத்தாவுடன் அமெரிக்கா சென்றார். அங்கே பத்திரிகைகளைப் படித்துப் படித்தே இங்கிலீஷ் கற்றுக்கொண்டார். தம்பதிகள் விஸ்கான்ஸின் ராஜ்யத்தில் குடியமர்ந்தனர். அங்கே 1856-ல் மார்கரெத்தா தொடங்கிய பாலர் பள்ளியே அமெரிக்காவின் முதல் கிண்டர்கார்ட்டன். கணவரோ அடிமை வியாபாரத்தையும் அடிமை முறையையும் கண்டித்து ஊர் ஊராகப் பேசலானார். 1860-ல் லிங்கன் ஜனாதிபதி தேர்தலுக்கு நின்றபோது, ஜெர்மானியக் குடிகளிடையே அவருக்காகப் பிரசாரம் செய்தார். வெற்றி பெற்ற லிங்கன் அவரை ஸ்பெயினுக்குத் தூதராக அனுப்பினார். ஆனால் வட பகுதிக்கும் தென் பகுதிக்கும் யுத்தம் மூண்டபின், தூதர் மாளிகைச் சௌகரியம் அவருக்குப் பொருந்தவில்லை. பதவியைத் துறந்து திரும்பி, 1862-ல் போர்க்களம் புகுந்தார்.

வட பகுதிச் சேனையில் ஜெர்மனியில் பிறந்தவர்கள் ஏறக்குறைய 2,00,000 பேர் சேவை செய்தார்கள். அவர்களில் பலர் சேர்ந்திருந்த 11-வது படையில் ஒரு பிரிவுக்கு ஷுர்ட்ஸ் தலைவர். 1863-ம் வருஷம் மே மாதம் 2-ந் தேதி, சான்ஸலர்ஸ்வில் என்னுமிடத்தில் பெரும் சோதனை வந்தது. எதிரிகள் காட்டு வழியே சுற்றி மேற்குப் புறத்துக்கு வருவதாக அன்று பகலிலேயே ஷுர்ட்ஸ் சந்தேகித்தார். மேலதிகாரியான ஜெனரல் ஹோவர்டிடம் எடுத்துரைத்தும் அவர் பொருட்படுத்தவில்லை. ஷுர்ட்ஸ் தம் பொறுப்பிலேயே சில பட்டாளங்களை மேற்கு நோக்கி நிறுத்திவைத்தார்.

மாலையில் வீரர்கள் சமையல் செய்துகொண்டிருந்தார்கள். காட்டிலிருந்து மான்களும் முயல்களும் மிரண்டோடி வந்தன. அவற்றின் பின்னால் ஜெனரல் ஜாக்ஸனின் 25,000-க்கு மேற்பட்ட வீரர்கள்! ஏறக்குறைய 11,000 பேர் கொண்ட 11-வது படை நிலைகுலைந்தது. மேற்கு நோக்கி நின்ற பட்டாளங்கள் சிறிது நேரம் தாக்குப் பிடித்து, ரத்தம் சிந்திப் பின்வாங்கின.

"மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம்" என்பது நம் பழமொழி. எச்சரிக்கையை அசட்டை செய்த மேலதிகாரிகளின் பிழை மண்குடமாயிற்று. ஜெர்மானியர் கோழைகள், அவர்கள் ஓடியதால்தான் தோற்றோம் என்று பத்திரிகைகள் எழுதின. அந்தப் படையில் ஜெர்மானியரல்லாதாரும் பெருந்தொகையினர் என்பதை எவரும் நினைக்கவில்லை. ஷுர்ட்ஸ் தம் அறிக்கையை வெளியிட வேண்டும் என்றார். விசாரணை நடத்த வேண்டும் என்றார். இரண்டும் மறுக்கப்பட்டன. அவர் கோபித்துக்கொண்டு வாளைக் கீழே வைக்கவில்லை. இரண்டு மாதங்களுக்குப் பின் கெட்டிஸ்பர்க் களத்திலும் நின்றார். யுத்தம் முடியும் வரை சேனையிலேயே இருந்தார்.

1865-ல் தென் பகுதியின் நிலையைக் கண்டுவர ஜனாதிபதி ஜான்ஸன் அவரை அனுப்பினார். விடுதலை பெற்ற நீக்ரோ மக்கள் இன்னமும் கொடுமைக்குள்ளாகின்றனர், அவர்களுக்கு வாக்குரிமை வேண்டும் என்று அவர் எழுதினார். ஜனாதிபதிக்கு அது கசந்தது. 1868-ல் ஜெர்மனிக்குச் சென்றபோது, ஒருகாலத்தில் அவரைச் சுட்டுக் கொல்லக் காத்திருந்த பிரஷ்யாவின் தலைநகரிலேயே பிஸ்மார்க் அவரை வரவேற்று அளவளாவினார். 1869-ல் அமெரிக்க செனட் சபையில் அமர்ந்தார். ஜெர்மனியில் பிறந்து அந்தச் சபையில் இடம் பெற்றவர்களுள் அவரே முதல்வர்.

குறையே இல்லாதவர் என்று நாம் சொல்ல மாட்டோம். 1877 முதல் 1881 வரை அவர் உள்நாட்டு மந்திரியாயிருந்த காலத்தில், போன்கா என்னும் பூர்வகுடிகள் தம் நிலத்திலிருந்து அகற்றப்பட்டார்கள். அவர்களுக்கு அநீதி நேர்ந்ததை ஒப்புக்கொண்டும், பழைய நிலத்துக்குத் திரும்ப அவர் வழிவிடவில்லை. தமக்கு நியாயம் மறுக்கப்பட்டதை அறிந்தவரும் பிறர் விஷயத்தில் தவறக்கூடும் என்பதற்கு இது சான்று.

ஆயினும் தேசபக்திக்கு அவர் கண்ட இலக்கணம் நம் சிந்தனைக்கு உரியது. நாடு நேர்வழியில் நின்றால் அவ்வழியிலேயே நிலைநிறுத்த வேண்டும். தவறினால் திருத்த வேண்டும் என்று 1872-ல் செனட் சபையில் அவர் கூறினார். சொன்னபடியே 1898-க்குப் பின் அமெரிக்கா பிலிப்பைன் தீவுகளைக் கைப்பற்றியபோது, எழுபது வயதை எட்டிய அந்தக் கிழவர் அதைத் துணிந்து எதிர்த்தார். சுதந்திரத்துக்காகப் பிறந்த மண்ணை இழந்தவர், புகுந்த மண் பிறர் சுதந்திரத்தைப் பறிப்பதைக் கண்டு வாளாவிருப்பாரா?

1906-ம் வருஷம் மே மாதம் 14-ந் தேதி அவர் நியூயார்க்கில் காலமானார். இன்று கோடிக்கணக்கான அமெரிக்கர்கள் தங்கள் முன்னோர் ஜெர்மானியர் என்று பெருமையுடன் சொல்லிக்கொள்கிறார்கள். அந்தப் பெருமை இனாமாகக் கிடைத்ததன்று. பழிச்சொல்லைத் தாங்கிக்கொண்டு களத்தில் நின்றவர்கள் அதற்கு விலை கொடுத்திருக்கிறார்கள். வேற்றூரிலிருந்து வந்து நம்மிடையே வாழ்பவர்மீது எளிதில் பழி சொல்லுமுன், நாம் ஒருகணம் இதை நினைப்பது நலம்.