புனித வெள்ளி: வாழ்த்துக் கூறும் நாளா?

மத்திய அரசின் விடுமுறைப் பட்டியலில் இடம்பெற்றுள்ள புனித வெள்ளி, கொண்டாட்டத்துக்குரிய நாள் அன்று. எருசலேமில் ரோமானிய ஆளுநர் பொந்தியு பிலாத்துவின் ஆணைப்படி இயேசு சிலுவையில் அறையப்பட்டு உயிர்நீத்ததை நினைவுகூரும் துக்க நாளாகும். மனிதர்களின் பாவங்களுக்காக அவர் மரணத்தை மனமுவந்து ஏற்றார் என்பது கிறிஸ்தவர்களின் நம்பிக்கை.

'குட் ஃப்ரைடே' என்னும் ஆங்கிலப் பெயரிலுள்ள 'குட்' என்ற சொல்லுக்குப் பழைய வழக்கில் 'புனிதமான' என்று பொருள். கேரளத்தில் இந்நாள் 'துக்க வெள்ளி' என்றே அழைக்கப்படுகிறது.

கத்தோலிக்க ஆலயங்களில் அன்று திருப்பலி நிறைவேற்றப்படுவதில்லை. இயேசு உயிர்நீத்த நேரமாகக் கருதப்படும் பிற்பகல் 3 மணியளவில் சிறப்பு வழிபாடு நடைபெறும். மக்கள் சிலுவையை முத்தமிட்டு வணங்குவர்.

எனவே, புனித வெள்ளியன்று வாழ்த்துக் கூறுவது பொருந்தாது. மூன்றாம் நாளான ஞாயிறன்று, அவர் உயிர்த்தெழுந்ததைக் கொண்டாடும் ஈஸ்டர் பெருவிழாவே வாழ்த்துக்குரிய நாளாகும்.