இண்டோர் கோர்ட்டில் ஷட்டில் ஆடுகிறீர்களா? ஆட்டத்துக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள்!

2014 ஜனவரி 14, மெல்போர்ன். ஆஸ்திரேலிய ஓப்பன் டென்னிஸ் நடந்துகொண்டிருந்தது. வெயில் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டியிருந்தது. கனடா வீரர் ஃபிராங்க் டான்செவிச் ஆட்டத்தின் நடுவே மயங்கி விழுந்தார். விழுவதற்கு முன், 'ஸ்னூப்பி' கார்ட்டூன் நாய் கண்ணெதிரே தெரிந்ததாகப் பிறகு சொன்னார்.

'நாங்கள் கூரைக்குக் கீழேதானே ஆடுகிறோம்' என்று ஷட்டில் ஆடுபவர்கள் நிம்மதியாக இருந்துவிட முடியாது. காற்றில் இறகுப்பந்து திசைமாறும் என்பதால் பல இண்டோர் கோர்ட்டுகளில் ஃபேன் ஓடாது. வியர்வை காய்ந்தால்தான் உடல் குளிரும். புழுக்கத்தில் அது காயாமல் சொட்டும். தண்ணீரும் போகும், சூடும் தணியாது.

உடல் எடையில் 2 சதவிகிதம் நீர் குறைந்தாலே ஆட்டம் தளரலாம். 70 கிலோ எடை உள்ளவருக்கு அது 1.4 லிட்டர். ரத்தத்தில் நீர் குறைவதால் இதயம் வேகமாகத் துடிக்கும். சீக்கிரமே களைப்பு வரும்.

எவ்வளவு குடிப்பது?

வியர்வை ஆளுக்கு ஆள் மாறும். அதை அறிய எடை மெஷின் போதும். ஆடுவதற்கு முன்பு எடை பாருங்கள். ஆடி முடித்ததும் ஈர உடையை மாற்றி, வியர்வையைத் துடைத்துவிட்டு மீண்டும் பாருங்கள். ஒரு மணி நேரத்தில் அரை கிலோ குறைந்து, நடுவில் அரை லிட்டர் குடித்திருந்தால், போன வியர்வை சுமார் 1 லிட்டர். அடுத்த முறை குடிக்கும் அளவைச் சற்றுக் கூட்டலாம்.

எப்போது குடிப்பது?

பேட்மின்டனில் 11 புள்ளியில் 60 விநாடி, இரண்டு கேம்களுக்கு நடுவே 120 விநாடி இடைவேளை உண்டு. டென்னிஸில் பக்கம் மாறும்போது 90 விநாடி. அப்போது சில மடக்கு குடித்தால் போதும். மொத்தமாகக் குடித்தால் வயிறு கனக்கும்.

அதிகமானாலும் ஆபத்து!

ஆடி முடித்தபின் எடை கூடியிருந்தால், தேவைக்கு மேல் குடித்திருக்கிறீர்கள். அளவுமீறினால் ரத்தத்தில் சோடியம் குறைந்து தலைவலி, குமட்டல், வலிப்புகூட வரலாம்.

நீண்ட நேரம் ஆடினால் உப்பும் தேவை. இளநீர் நல்லதுதான்; ஆனால் அதில் பொட்டாசியம் அதிகம், சோடியம் குறைவு. வியர்வையில் அதிகம் வெளியேறுவது சோடியம். அதனால் உப்புப் போட்ட மோரோ எலுமிச்சை ஜூஸோ கைகொடுக்கும். ரத்த அழுத்தம், சிறுநீரகம், இதயப் பிரச்னை உள்ளவர்கள் டாக்டரிடம் கேட்டுவிட்டு உப்பைச் சேருங்கள்.

தலை சுற்றினால் உடனே ஆட்டத்தை நிறுத்துங்கள். உடன் ஆடுபவர் குழம்பிப் பேசினால், தண்ணீர் ஊற்றி உடலைக் குளிர்வித்தபடி 108-ஐ அழையுங்கள். ஸ்னூப்பி தெரியும்வரை காத்திருக்க வேண்டாம்!