குருவும் மந்திரமும்

விளையாட்டு என்றதும் நமது இல்லங்களில் இரண்டு குரல்கள் எழுவது வழக்கம். "பிள்ளைதானே, சற்று விளையாடட்டும்" என்பது ஒன்று. "படிப்பைப் பாழாக்கிக் கொள்ளப் போகிறான்" என்பது மற்றொன்று. இவ்விரு குரல்களுக்கும் நடுவே தீர்ப்புச் சொல்லப் பங்குத்தந்தையை அழைக்கும் பெற்றோரும் உளர். சென்ற கோடை விடுமுறையில் அத்தகைய அழைப்பொன்று நமக்கும் வந்தது.

அழைத்தவர் ஒரு தாய். கோவை கணபதிப் பகுதியில் லேத்துப் பட்டறை ஒன்றில் பணிபுரியும் அவருடைய கணவரும், எட்டாம் வகுப்பு முடித்த மகனும், இரவுதோறும் தொலைக்காட்சிப் பெட்டியின் முன் அமர்ந்து, ஏதோ பழைய ஜப்பானிய விளையாட்டை ஆடுகின்றனராம். "பையனைக் கண்டிக்கலாமுங்க சாமி. அவங்கப்பாவை யாருங்க கண்டிக்கிறது?" என்று கேட்டார் அந்த அம்மையார்.

நியாயமான கேள்விதான். ஆயினும் அவ்வில்லத்திற்குச் செல்ல நமது கால்கள் தயங்கின. ஏனெனில் அக்குடும்பத் தலைவர் நமக்குப் புதியவர் அல்லர். ஓராண்டுக்கு முன் நமது பங்கில் குடியேறியவர். ஞாயிறுதோறும் கடைசி வரிசையில் அமர்ந்து, திருப்பலி முடிந்ததும் நம்மைக் காணாமலே வெளியேறிவிடுவார். அதற்குக் காரணம் நாமே. அதனைப் பின்னர்க் கூறுவோம். விளையாட்டைப் பற்றி முதலில் கூறிவிடுதல் முறையாகும்.

ஊற்று நின்றுபோன ஊர்

அவ்விளையாட்டின் பெயர் ஃபாக்ஸனாடு. 1987-ஆம் ஆண்டு நவம்பரில் ஹட்சன் சாஃப்ட் என்னும் நிறுவனம் இதனை ஜப்பானில் வெளியிட்டது. ஆங்கில வடிவம் 1989-இல் அமெரிக்காவில் வெளிவந்தது. இதற்கு ஒரு மூதாதை உண்டு. ஃபால்காம் என்னும் மற்றொரு ஜப்பானிய நிறுவனம், கணினிக்கென 1985-இல் சனாடு என்ற விளையாட்டை வெளியிட்டு, நான்கு இலட்சத்திற்கு மேற்பட்ட படிகளை விற்றது. சனாடு என்பது சீனத்தை ஆண்ட குப்ளாய் கானின் கோடைத் தலைநகருக்கு மேலைநாட்டார் வழங்கிய பெயர். அதன் உரிமம் பெற்று, ஃபாமிகாம் என்னும் வீட்டு விளையாட்டு இயந்திரத்திற்காக ஹட்சன் நிறுவனத்தார் அமைத்ததே இது. ஃபாமிகாமும் சனாடுவும் இணைந்து ஃபாக்ஸனாடு ஆயிற்று.

அக்காலத்து விளையாட்டுகளில் இரு பெரும் வகைகள் இருந்தன. மேடைக்கு மேடை தாவி, பள்ளங்களைக் கடந்து செல்லும் கைத்திறன் ஆட்டம் ஒரு வகை. கதைமாந்தன் ஒருவன் ஊர் ஊராய்ச் சென்று, பொருள் ஈட்டி, அனுபவம் பெற்று, படிப்படியாய் வளரும் ஆட்டம் மற்றொரு வகை. ஃபாக்ஸனாடு இவ்விரண்டையும் ஒன்றாய்ப் பிணைத்தது. கைவேகம் மட்டும் இருந்தால் போதாது. வழிப்போக்கரிடம் பேசவும், கையிருப்பை எண்ணிச் செலவிடவும் தெரிந்திருத்தல் வேண்டும்.

கதை இதுதான். நெடும்பயணம் சென்றிருந்த வீரன் ஒருவன் தன் ஊராகிய இயோலிஸுக்குத் திரும்புகிறான். ஊர் சிதைந்து கிடக்கிறது. மக்களுக்கு உயிராதாரமான ஊற்றுநீர் நின்றுபோயிற்று. ஊரை அடுத்து வானளாவி நிற்கும் உலக மரத்தினுள் முன்னர் ஒற்றுமையாய் வாழ்ந்த இரு இனத்தாரிடையே, விண்ணிலிருந்து விழுந்த எரிகல் ஒன்றினால் தீமை புகுந்துவிட்டது. அரசர் வீரனுக்கு 1500 பொற்காசுகளை அளித்து அனுப்புகிறார். அவன் மரத்தின் அடியிலிருந்து கிளைகள் வரை ஏறிச் சென்று, தீமையின் வேரைக் களைய வேண்டும். வழியில் அடைபட்டுக் கிடக்கும் மூன்று ஊற்றுகளை மீண்டும் பாயச் செய்தாலன்றி மேலே செல்ல இயலாது.

இதனைக் காட்டியபோது அத்தந்தை தொலைக்காட்சியிலிருந்து கண்ணெடுக்காமலே, "எங்க அன்னூர்த் தோட்டத்துக் கெணறும் இப்படித்தானுங்க நின்னு போச்சு" என்றார். கிணறு வற்றி, ஆழ்துளைக் கிணறும் வற்றி, பட்டறை வேலைக்கு வந்த குடும்பங்கள் நமது கொங்கு மண்ணில் எத்தனை! அத்திக்கடவு - அவினாசித் திட்டத்திற்காக மக்கள் அறுபது ஆண்டுகளுக்கு மேல் குரல் கொடுத்து, 2024 ஆகஸ்டில்தான் அது தொடங்கி வைக்கப்பெற்றது. பவானியின் உபரி நீரைக் கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களின் 1045 குளங்குட்டைகளுக்குக் கொண்டு செல்வது அதன் நோக்கம். ஊற்றைத் திறக்கப் புறப்பட்ட வீரனின் கதை ஜப்பானில் எழுதப்பட்டிருப்பினும், அன்னூர்க்காரருக்கு அது அயலார் கதையன்று.

ஆட்டத்தினுள் ஒரு குரு

நம்மை வியப்பில் ஆழ்த்தியது வேறொன்று. அவ்வூர்களில் ஆலயங்கள் உள்ளன. ஆலயங்களில் பெரியவர் ஒருவர் இருக்கிறார். ஆங்கில வடிவத்தில் அவர் பெயர் 'குரு'! வீரன் அவரை அணுகினால், அவன் அனுபவத்திற்கேற்பப் பட்டம் அளிக்கிறார். பதினாறு பட்டங்களுள் முதலாவது 'நாவிஸ்', அதாவது துறவற சபையில் புதிதாய்ச் சேர்ந்தோரைக் குறிக்கும் அதே சொல். அடுத்து அவர் ஒரு மந்திரம் கூறுகிறார். ஆங்கிலப் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் எண்ணும் விரவிய, பொருளற்ற நீண்ட எழுத்துத் தொடர் அது.

அந்த மந்திரத்தின் பயன் யாது? அப்பழைய இயந்திரத்தின் உள்நினைவகம் இரண்டு கிலோபைட் மட்டுமே. மின்சாரம் நின்றால் அனைத்தும் மறந்துபோகும். வேறு சில விளையாட்டுகளில் சிறு மின்கலம் வைத்து அந்நினைவைக் காத்தனர். இதிலோ அது இல்லை. ஆகவே அதுவரை பெற்ற பட்டம், வாங்கிய வாள், சேர்ந்த இடம் ஆகியவற்றை எழுத்துகளாய் மாற்றி, ஆடுவோர் கையில் கொடுத்துவிடுகிறது இயந்திரம். மறுநாள் அவற்றைப் பிழையின்றி இட்டால், விட்ட ஆலயத்திலிருந்தே தொடரலாம். ஓரெழுத்துப் பிசகினும் வழி திறவாது.

வீரன் வீழ்ந்தாலும் ஆட்டம் முடிந்துவிடுவதில்லை. அவன் மீண்டும் குருவின் முன் நிற்கிறான். குரு சினந்துகொள்வதில்லை, மனந்தளராதே, மந்திரத்தை நினைவில் கொள் என்று கூறி அனுப்புகிறார். ஈட்டிய பொருளும் அனுபவமும் பட்டத்திற்குரிய அளவுக்குக் குறைந்துவிடும். பட்டம் மட்டும் பறிபோகாது. இன்னொரு நுட்பமும் உண்டு. பறப்பதற்கென்று சிறகுக் காலணி ஒன்று கிடைக்கும். பட்டம் உயர உயர, அது பறக்கவிடும் நேரம் குறைந்துகொண்டே போகும்! பெரியவன் ஆனவனுக்குச் சலுகை குறைவு.

மூதாதையாகிய சனாடு இன்னும் கண்டிப்பானது. அதில் வெட்டத்தகாத நல்ல உயிர்களை வெட்டினால் வினைக்கணக்கு ஏறும். வினை ஏறியவனுக்குக் கோயிலில் உயர்வு மறுக்கப்படும். இருவகைக் குருக்களையும் எண்ணிப் பார்த்தோம். கதவை அடைப்பவர் ஒருவர். வீழ்ந்தவனை எழுப்பி அனுப்புபவர் மற்றவர். நாம் எவ்வகையினர்?

கால் நூற்றாண்டுக் கடன்

இப்போது நமது கதையைக் கூறவேண்டும். 1999-ஆம் ஆண்டு. நாம் குருப்பட்டம் பெற்று ஓராண்டே ஆகியிருந்த உதவிப் பங்குத்தந்தை. அந்நாளில் கோவையின் தெருக்களில் தொலைக்காட்சிப் பெட்டியும் விளையாட்டு இயந்திரமும் வைத்து, மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் சிறு கடைகள் இருந்தன. நிண்டெண்டோவின் இயந்திரம் சாமுராய் என்ற பெயரில் நமது நாட்டில் விற்கப்பட்டதுண்டு. எனினும் தெருவெங்கும் பரவியவை அதனைப் போலச் செய்த மலிவான இயந்திரங்களே. அவற்றில் செருகும் பெட்டியைப் பிள்ளைகள் 'கேசட்' என்பர். ஓடாவிட்டால் வாயால் ஊதிச் செருகுவர்.

ஒரு சனிக்கிழமை மறைக்கல்வி வகுப்பில் பீடச்சிறுவன் ஒருவனைக் காணவில்லை. கடைக்கே சென்று அவனைக் கையோடு அழைத்து வந்தோம். அவன் கையிலிருந்த கேசட்டைப் பறித்துக்கொண்டோம். அத்துடன் நின்றோமா? மறுநாள் மறையுரையில், அவன் பீடத்தருகே நிற்கும்போதே, சபையார் அனைவரும் அறியும்படி இடித்துரைத்தோம். கேசட் கடைக்காரருக்குச் சொந்தமானது. ஆலைத் தொழிலாளியான அவன் தந்தை அதன் விலையைக் கட்ட நேர்ந்ததை நாம் அறிந்தபோது, நமக்கு மாற்றல் உத்தரவு வந்துவிட்டது. சிறுவன் அந்த ஞாயிறுக்குப் பின் பீடத்தருகே வரவேயில்லை. கேசட்டோ பங்கு பங்காக நமது பெட்டியிலேயே பயணம் செய்தது.

அச்சிறுவனே இன்று கணபதியில் லேத்து ஓட்டும் இத்தந்தை.

எழுத்துப் பிழை

அவ்வில்லத்தில் நாம் கண்டதைக் கூறுவோம். மகனின் அறிவியல் குறிப்பேட்டின் கடைசிப் பக்கங்கள் முழுதும் மந்திரங்கள். ஒவ்வொன்றின் அருகிலும் தேதி. தொடக்கத்தில் அவன் சிறிய எழுத்தொன்றைப் பெரியதாக எழுதிவிட்டமையால், ஐந்து மாலைகளின் உழைப்பு வீணாயிற்றாம். அழுதவனைத் தந்தை கடியவில்லை. மறுநாள் பட்டறையிலிருந்து ஒரு வரைபடத்தைக் கொண்டு வந்து காட்டினார். "ஒருக்கா அளந்து வெட்டுனா இரும்பு வீணாயிருங் கண்ணு. ரெண்டுதடவ அளக்கோணும்" என்றார். அன்றுமுதல் மகன் எழுத, தந்தை உரக்க வாசித்துச் சரிபார்க்க, பின்னரே இயந்திரத்தை அணைக்கின்றனர். மந்திரம் கிடைத்ததும் ஆட்டம் நிற்கும். அதற்கு ஒரு மணி நேரத்திற்கு மேல் ஆவதில்லை. பட்டறையில் வேலை குறைந்து, கூலியும் குறைந்து, ஓராண்டாகத் தந்தையும் மகனும் சரியாகப் பேசிக்கொள்ளாதிருந்த வீடு அது என்பதனைத் தாயே பின்னர் நம்மிடம் கூறினார்.

அடுத்த வாரம் கேசட்டை எடுத்துச் சென்றோம். அவர் கையில் வைத்து, மகனின் முன்னிலையிலேயே மன்னிப்புக் கேட்டோம். அவையில் இடித்துரைத்தவன் மறைவில் மன்னிப்புக் கேட்பது முறையன்று. அவர் நெடுநேரம் அதனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அதை விடுங்க சாமி. அன்னைக்கு எங்கப்பா ஒரு சொல்லுக்கூடத் திட்டலீங்க. காசை மட்டும் எண்ணிக் குடுத்தாருங்க. அதுதானுங்க இன்னும் வலிக்குது" என்றார். நாம் மறுமொழி கூறவில்லை; கூற இருந்ததுமில்லை.

மகன் கேசட்டை வாங்கி இயந்திரத்தில் செருக முயன்றான். பொருந்தவில்லை. சிங்கப்பூரிலிருந்து தாய்மாமன் வாங்கி வந்த இயந்திரம் மேலைநாட்டு வடிவம். அதற்கு எழுபத்திரண்டு முனைகள். நமது ஊர்க் கேசட் ஜப்பானிய வடிவம். அதற்கு அறுபதே முனைகள். காலந்தாழ்ந்து திருப்பியளிக்கும் பொருள் எல்லாம் பொருந்திவிடுவதில்லை. இன்று அது அவர்கள் தொலைக்காட்சிப் பெட்டியின்மேல் இருக்கிறது.

பெற்றோருக்கு ஒரு சொல்

அன்புள்ள பெற்றோரே, எல்லா விளையாட்டும் நன்று என்று கூற வந்தோமல்லோம். முடிவே இல்லாதவை உண்டு. பணத்தைப் பறிப்பவையும் உண்டு. பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்களைத் தடைசெய்ய 2025-இல் நடுவண் அரசு சட்டமே இயற்ற நேர்ந்தது. ஆகவே கண்டிக்குமுன் ஒருமுறை பிள்ளையின் அருகில் அமர்ந்து பாருங்கள். இதற்கு முடிவு உண்டா? இடையில் நிறுத்த வழி உண்டா? பணம் கேட்கிறதா? தோற்றவனை என்ன செய்கிறது? இந்நான்கு வினாக்களுக்கு விடை கண்டபின் தீர்ப்புக் கூறுங்கள். நாம் அன்று அக்கடையில் கால் மணி நேரம் அமர்ந்திருந்தால், ஒரு பீடச்சிறுவனை இழந்திருக்கமாட்டோம்.

தாய் கேட்ட கேள்விக்கு நாம் தீர்ப்பு ஏதும் வழங்கவில்லை. ஒரு மணி நேரம் என்ற வரம்பைப் பள்ளி திறந்தபின் வார இறுதிக்கு மட்டும் என்று சுருக்கிக்கொள்ள அவர்களே இசைந்தனர். அன்று விடைபெறும் வேளையில், தந்தைக்குக் கண் சோர்ந்துவிட்டதென்று மகன் குறிப்பேட்டை நம்மிடம் நீட்டினான். மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு வாசிக்கத் தொடங்கினோம்.

"சின்ன எழுத்தா, பெரிய எழுத்தாங்க சாமி?" என்று நிறுத்தினான்.

மீண்டும் ஒருமுறை உற்றுப் பார்த்தோம். சிறிய எழுத்துதான்.