துருவவொளியும் காலச்சுருக்கப் படமும்

நோர்வே நாட்டின் வடபாலுள்ள துரொம்சோ நகரம் ஏறத்தாழ 69½ பாகை வட அகலக்கோட்டில் அமைந்துள்ளது. செப்டெம்பர் முதல் மார்ச்சு வரையுள்ள தெளிந்த இரவுகளில் அந்நகரத்து வானிலே பசிய ஒளியொன்று வில்போல வளைந்து தோன்றும். நெடுநேரம் அசைவின்றிக் கிடக்கும். பின்னர்த் திடீரெனத் திரைச்சீலை காற்றில் அலைவதுபோல மடிந்து நெளிந்து வானமெங்கும் பரவும். இதுவே துருவவொளி; மேனாட்டார் அரோரா என்பர்.

ஞாயிற்றினின்று வீசும் மின்னேற்றத் துணிக்கைகளின் ஓட்டம் புவியின் காந்தமண்டலத்தைத் தாக்க, ஆங்கு முடுக்கம் பெற்ற இலத்திரன்கள் காந்த விசைக்கோடுகள் வழியே இறங்கி வளிமண்டலத்தில் மோதுகின்றன. ஏறத்தாழ 100 முதல் 150 கிலோமீற்றர் உயரத்தில் ஒட்சிசன் அணுக்கள் பச்சொளியையும், 200 கிலோமீற்றருக்கு மேலே செவ்வொளியையும் உமிழ்கின்றன. கிளர்ச்சியுற்ற அணு பச்சொளியை உமிழுமுன் சராசரியாக முக்காற் செக்கன் அளவே தாமதிக்கும். செவ்வொளிக்கோ இரண்டு நிமிடத்திற்குச் சற்றுக் குறைந்த காலம் செல்லும். ஆதலின் பச்சை துள்ளியோடும். செம்மை மெல்லப் படரும். உயரத்தே எழுவதாற் செம்மையே தொலைவிலுள்ளார்க்கும் தென்படும். 2024 மே மாதம் 10ஆம் நாள் எழுந்த பெருங் காந்தப் புயலின்போது லடாக்கிலுள்ள ஹன்லே வானாய்வு நிலையத்துக் கமராக்கள் அடிவானிற் பதிவு செய்ததும் இச்செவ்வொளியேயாம்.

கமராவை ஓரிடத்தில் நிறுத்தி, ஒத்த இடைவெளியில் நூற்றுக்கணக்கான படங்களை எடுத்து, அவற்றைச் செக்கனுக்கு 25 வீதம் ஓடவிடின், மணிக்கணக்கில் நிகழ்ந்தது சில செக்கன்களிற் கண்முன் நிகழும். ரைம்-லாப்ஸ் என்று வழங்கும் காலச்சுருக்கப் படம் இதுவே. இதனை வெறும் பொழுதுபோக்கென்று கருதுவாருளர். அக்கருத்துப் பொருந்தாது. ஜேர்மானியராகிய மார்ட்டின் பிரெண்டெல் 1892இல் நோர்வேயிலே துருவவொளியை முதன்முதற் படம்பிடித்தார். 1910இல் கார்ல் ஸ்தோர்மர் என்னும் நோர்வேக் கணித அறிஞர், தொலைபேசியால் இணைந்த இரு நிலையங்களிலிருந்து ஒரே கணத்திற் படமெடுத்து அதன் உயரத்தைக் கணித்தார். 1957–58இன் சர்வதேசப் புவிப்பௌதிக ஆண்டிலே, வான் முழுவதையும் ஒரே படத்தில் அடக்கும் கமராக்கள் துருவப் பகுதிகளிற் பலவிடங்களில் நிறுவப்பெற்றன. அவை பெரும்பாலும் நிமிடத்திற்கு ஒன்றாக எடுத்த படத்தொடர்களை ஒப்புநோக்கிய சியுன்-இச்சி அக்காசோபு, அமைதியான ஒளிவில் திடீரெனப் பொலிந்து, சிதைந்து, துருவத்தை நோக்கிப் பரந்து, ஒன்று முதல் மூன்று மணி நேரத்தில் மீளவும் அடங்குகின்ற ஒழுங்கை 1964இல் வெளியிட்டார். தனிப்படம் எதுவும் இவ்வொழுங்கைக் காட்டியிராது.

இனிப் புதிதாகத் தொடங்குவார் செய்யவேண்டுவன யாவை? கமராவை உறுதியான முக்காலியில் நிறுத்தி, எல்லாவற்றையும் கையாலேயே அமைத்தல் வேண்டும். அகன்ற கோணமுள்ள வில்லை, அதாவது முழுச்சட்டக் கமராவாயின் 14 முதல் 24 மில்லிமீற்றர் குவியத்தூரமுள்ளது, ஏற்றது. துவார எண் 2.8 அல்லது அதனிற் குறைந்ததாக இருப்பின் நன்று. ஒளிமிக்க விண்மீனொன்றைத் திரையிற் பெருக்கிப் பார்த்துக் குவியத்தைக் கையால் நிறுத்துக. வெண்சமநிலையையும் ஓரளவில் நிறுத்தாவிடின் படத்துக்குப் படம் நிறம் மாறும். வில்லையின் முன்னுள்ள காப்புக் கண்ணாடியைக் கழற்றிவிடல் வேண்டும். துருவவொளியின் பச்சை ஒற்றை அலைநீளமுடையதாதலால், அக்கண்ணாடியின் பரப்புக்களிடையே தெறித்து, படத்தின் நடுவே வளையங்களைத் தோற்றுவிக்கும்.

இவையெல்லாம் எளியன. அரியது இடைவெளியைத் தெரிவதே. பத்துச் செக்கன் திறந்திருக்கும் கமரா அமைதியான வில்லை அழகாகக் காட்டும். ஆனால் விரைந்தோடும் திரையை மடிப்பெதுவுமற்ற பச்சைப் பனிமூட்டமாக்கிவிடும். ஆகவே ஐ.எஸ்.ஓ. எண்ணை 1600க்கும் 3200க்கும் இடையில் வைத்து, அமைதியான வேளையில் 4 செக்கனும், ஒளி பொலியும்போது ஒன்றிரண்டு செக்கனும் திறத்தல் தகும். எனினும் ஒரு படத்தின் தொடக்கத்திலிருந்து அடுத்ததன் தொடக்கம்வரையுள்ள இடைவெளியை, 6 செக்கன் என்று கொண்டால், இறுதிவரை மாற்றலாகாது. நடுவில் மாற்றின் ஓடும் படத்தின் வேகம் மாறும். காண்பவர் வானமே வேகம் மாறிற்றென்று கொள்வர். நீண்ட ஒளியூட்டற் குறைகளைக் கமரா தானே திருத்தும் வசதியையும் நிறுத்திவிடல் வேண்டும். அது ஒவ்வொரு படத்தின் பின்னும் அதேயளவு நேரத்தை விழுங்கும்.

6 செக்கன் இடைவெளியில் ஒரு மணி நேரத்திற்கு 600 படங்கள்; ஓடுங்காலம் 24 செக்கன். அதாவது இயற்கையினும் 150 மடங்கு வேகம். வில் பொலிந்து சிதையும் கணங்களில், ஒரு செக்கனிலேயே வானைக் கடக்கும் அலைகள் இத்தொடரில் இடம்பெறா. நாம் காணும் பரபரப்பிற் பெரும்பகுதி பொறியின் ஆக்கமே. அக்கணங்களுக்கு இன்றைய கமராக்களால் இயல்பு வேகத்திலேயே அசைபடம் எடுத்தல் மேல் என்பது எம் கருத்து. மெல்ல எழுந்து நகரும் ஒளிவில்லுக்கே காலச்சுருக்கம் உரியது. நிறத்திலும் இத்தகைய வேறுபாடுண்டு. மங்கிய ஒளியில் மனிதக் கண் நிறமறியும் ஆற்றல் குன்றிச் சாம்பல் நிறமாகவே பலவேளை காண்பதைக் கமரா கடும் பச்சையாகப் பதியும். எனவே இடைவெளி, ஒளியூட்டற் காலம், இடம், நேரம் ஆகியவற்றைக் குறிப்பேட்டில் எழுதிப் படத்துடன் வெளியிடுதல் இன்றியமையாதது. பிறர் இதனைப் பெரும்பாலும் செய்வதில்லை.

குளிரையும் மறத்தலாகாது. உறைநிலைக்குக் கீழே பற்றரி விரைவில் ஓய்ந்துவிடும். மேலதிக பற்றரிகளை உடலோடு ஒட்டிய உட்பையில் வைத்திருத்தல் வழக்கம். வில்லையின்மேல் மூச்சு விடின் உடனே உறைபனி படியும். பணி முடிந்ததும் கமராவை வெளியிலேயே காற்றுப் புகாத பையிலிட்டுக் கட்டியபின் வீட்டினுள் கொண்டுவந்து, அறையின் வெப்பநிலையை அது அடையும்வரை பையைத் திறவாதிருத்தல் வேண்டும். படங்களைப் பார்க்கும் ஆவல் மிகுந்தோர் நினைவு அட்டையை வெளியிலேயே கழற்றிக்கொள்வர்.